சட்டையைப் பற்றி இரண்டு நிமிடம்

பிப்ரவரி 4, ஞாயிறு

ஆங்கிலத் தேர்வு மதிப்பெண் வந்துவிட்டது, ஒன்பதுக்கு. வாசிப்பு எட்டரை. கேட்டல் எட்டு. எழுத்து ஏழரை. பேச்சு ஐந்தரை.

இருபத்தாறு வருடமாக மதுரையில் ஆங்கில வழியில் இயற்பியல் நடத்துகிறவனுக்குப் பேச்சில் ஐந்தரை. இங்கிலாந்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் ஒரு பள்ளி இயற்பியல் ஆசிரியர் இல்லாமல் காத்திருக்கிறது. அதன் தலைமையாசிரியை கணினித் திரையில் என்னோடு நாற்பது நிமிடம் பேசினார். என் ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே புரிந்தது. ஆனாலும் விதி என்று ஒன்று இருக்கிறதாம். நான்கு பகுதியிலும் ஏழு வேண்டும். மார்ச் முடிவதற்குள் சான்றிதழ் போய்ச் சேர வேண்டும். இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

செண்பகம் அடுப்படியிலிருந்தே கேட்டாள். “அப்படி என்னத்ததான் கேட்டாங்க?”

“பொதுவான கேள்விதான்.”

“பொதுவான கேள்விக்கா அஞ்சரை?”

இவளிடம் சொல்லவில்லை. இங்கே எழுதிவைக்கலாம். தேர்வாளர் ஓர் இளைஞன். உங்களுக்கு எந்த மாதிரி உடை பிடிக்கும் என்று கேட்டான். வெள்ளைச் சட்டை என்றேன். ஏன் என்றான். வெள்ளையாக இருப்பதால் என்றேன். சிறுவயதில் எந்த மாதிரி உடை உடுத்தினீர்கள் என்றான். அதைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை என்றேன். பிழையில்லாத ஆங்கில வாக்கியம் அது. எங்கே வேண்டுமானாலும் அச்சடிக்கலாம்.

ஐந்தரை போட்டிருக்கிறான்.

பிப்ரவரி 6, செவ்வாய்

ஜெயசீலனுக்கு எப்படித் தெரிந்தது என்று தெரியவில்லை. ஆசிரியர் அறையில் எல்லோர் முன்னாலும், “என்ன குருநாதன் சார், வெள்ளக்காரன் பெயிலாக்கிட்டானாமே” என்றார். இவர் என்னைவிட ஆறு வருடம் இளையவர். பள்ளிச் செயலாளரின் தங்கை வீட்டு மருமகன். வரலாற்று ஆசிரியராக வந்தவர், மூன்று வருடமாக எங்கள் தலைமையாசிரியர். அந்த நாற்காலி யாருக்கு வந்திருக்க வேண்டும் என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்த அத்தனை பேருக்கும் தெரியும். அத்தனை பேரும் சிரித்தார்கள். யார் யார் சிரித்தது என்று குறித்துவைத்திருக்கிறேன்.

மறுபடி பணம் கட்டிவிட்டேன். மார்ச் 16.

பிப்ரவரி 10, சனி

பயிற்சி மையத்தில் சேர்ந்தேன். செல்போன் கடைக்கு மேலே, மாடியில். நடத்துகிறவன் பெயர் ஜோவின், இருபத்தாறு வயது இருக்கும். ஆங்கிலம் பேசும்போது மட்டும் அவன் வாய் வேறு ஒருவனுடையதாகிவிடுகிறது. என் மதிப்பெண் சீட்டைப் பார்த்துவிட்டு, “ரைட்டிங் ஏழரையா, நானே வாங்கல சார்” என்றான். அந்த ஒன்றுக்காக அவனைப் பொறுத்துக்கொள்ளலாம்.

என்ன தலைப்பு வந்தது என்று கேட்டான். உடை என்றேன்.

“அது இன்னும் ஏப்ரல் வரைக்கும் ஓடும் சார். திரும்ப வந்தாலும் வரும். கவலப்படாதீங்க, நம்மகிட்ட ரெடியா இருக்கு.” ஒரு தாளைக் கொடுத்தான். ‘எனக்குப் பிடித்த உடை ஒரு சட்டை. அதை என் மாமா என் பிறந்தநாளுக்குச் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்தார்...’ என்று இரண்டு நிமிடத்துக்கு ஓடுகிறது. பெண்களுக்குச் சட்டைக்குப் பதில் சுடிதார். மாமா அதே மாமாதான்.

ஏப்ரல் வரைக்கும் என்று அவன் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஜோடி சேர்த்துப் பேசவிட்டான். எனக்கு வாய்த்தது ரோஸ்லின் என்ற பெண். தனியார் மருத்துவமனையில் நர்ஸ், வேலை முடிந்து நேராக வந்திருந்தாள். அவள் ஆங்கிலத்தில் வாக்கியத்துக்கு ஒரு பிழை. உனக்கு எந்த உடை பிடிக்கும் என்று தாளைப் பார்த்துக் கேட்டேன். மாமாவை விட்டுவிட்டு அவள் பாட்டுக்குப் பேசினாள். தனக்குப் பாக்கெட் வைத்த சுடிதார்தான் பிடிக்கும், பாக்கெட் இல்லாவிட்டால் கையை எங்கே வைப்பது என்றே தெரியாது, வார்டில் டாக்டர் திட்டும்போது பாக்கெட்டுக்குள் விரலை மடக்கிக்கொண்டால் கோபம் உள்ளேயே நின்றுவிடும். இதைச் சொல்லி அவளே சிரித்தாள். நான் ஏழு பிழைகளைத் திருத்தினேன்.

பிறகு அவள் என்னைக் கேட்டாள். வெள்ளைச் சட்டை என்றேன். வேறு என்ன நிறம் பிடிக்கும் என்றாள். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“சார், பிடிச்ச கலர்கூடவா ரகசியம்?” என்று தமிழுக்கு வந்துவிட்டாள்.

ஜோவின் அவளுக்கு ஏழு போட்டான். எனக்கு ஐந்து. அரையைக்கூடக் காணோம்.

பிப்ரவரி 13, செவ்வாய்

தண்ணீர்த் தொட்டி கழுவ ஆள் வரவில்லை. நானே இறங்கிக் கழுவினேன். பன்னிரண்டாம் வகுப்பு செய்முறைத் தேர்வு நாளை.

பிப்ரவரி 18, ஞாயிறு

வாரத்துக்கு ஆறு சட்டை. நானே துவைத்து, நானே நீலம் போட்டு, நானே தேய்க்கிறேன். கல்யாணமான நாளிலிருந்து செண்பகத்தைத் தொடவிட்டதில்லை. லாண்டரிக்கும் போட்டதில்லை. காலரை உட்பக்கம் முதலில் தேய்க்க வேண்டும், முனையிலிருந்து நடுவுக்கு. வெளிப்பக்கம் முதலில் தேய்த்தால் முனையில் சுருக்கம் ஒதுங்கும். மதுரையில் இது தெரிந்து தேய்க்கிறவர்கள் பத்துப் பேர் இருக்கலாம்.

செண்பகம் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “கை அப்படியே மாமா கை.”

என் அப்பாவைச் சொல்கிறாள். இவள் அப்பா திருமங்கலத்தில் இஸ்திரி வண்டி வைத்திருந்தவர். அதைப் பால்காரரிடம்கூடச் சொல்வாள். பக்கத்து வீட்டுக்காரி பட்டுப்புடவையில் எண்ணெய் பட்டுவிட்டது என்று வந்தால், “குடுங்க, எங்க வீட்டுத் தொழில்ல” என்று வாங்கிக்கொள்வாள். எனக்கு உடம்பு கூசும்.

“நான் என்ன திருடிட்டா சொல்றேன்?” என்பாள்.

பிப்ரவரி 24, சனி

ரோஸ்லின் உடுத்தியிருந்த துணியைக் கடைக்காரன் சுத்தப் பருத்தி என்று சொல்லி விற்றிருக்கிறான். பாதி பாலியஸ்டர் என்றேன். எப்படிச் சொல்கிறீர்கள் என்றாள். மடிப்பு விழும் விதத்தைப் பார்த்தாலே தெரியும் என்றேன். பேச்சு அங்கிருந்து பாப்ளின், மல், வாயில் என்று துணி வகைகளுக்குப் போய்விட்டது. மல் வேட்டியைக் கஞ்சி போட்டு உலர்த்தினால் அதிகாலைக் காற்றில் அது என்ன சத்தம் எழுப்பும் என்பதுவரை சொல்லிவிட்டேன். எல்லாம் ஆங்கிலத்தில். ஒரு தடங்கலும் இல்லை.

அவள் வாயைத் திறந்தபடி கேட்டாள். “சார், இத அங்க போய்ப் பேசுனா எட்டு போடுவான் சார். எப்படிச் சார் இவ்வளவு தெரியும்? ஜவுளிக்கடையா?”

“சின்ன வயதில் வீட்டில் துணி நிறைய இருந்தது.”

பொய் இல்லை.

மார்ச் 3, ஞாயிறு

இன்று வகுப்புக்குப் போகவில்லை. செண்பகம் அவள் அக்கா வீட்டுக்குப் போயிருக்கிறாள். எழுதிவிடலாம். எழுத்தில் எனக்கு ஏழரை.

பரமக்குடியில் அப்பா இருபத்திரண்டு வீட்டுக்கு வெளுத்தார். வைகை மணலில் ஊற்றுத் தோண்டி அலசுவார். எழுதப் படிக்கத் தெரியாது. எந்தத் துணி எந்த வீடு என்பது சேங்கொட்டை மையால் காலருக்குள் போட்ட குறியில் இருந்தது. மூன்று புள்ளி என்றால் வக்கீல் வீடு, புள்ளியும் கோடும் என்றால் ரைஸ்மில் வீடு.

வெளுக்க வந்த துணியை நாங்கள் உடுத்தினோம். எங்கள் ஆட்களில் எல்லா வீட்டிலும் இது உண்டு, ஒரு வீட்டிலும் வாயால் சொல்வதில்லை. கல்யாணம், திருவிழா, போட்டோ எடுப்பது என்றால் மூட்டையைப் பிரிப்பார்கள். அம்மா வக்கீல் வீட்டம்மாள் புடவையில் மாரியம்மன் கோயிலுக்குப் போவாள். அப்பாவின் விதி ஒன்றுதான். அழுக்காக வந்த துணியை வெளுத்துவிட்டுத்தான் உடுத்த வேண்டும், உடுத்திய பின் மறுபடி வெளுத்துத்தான் கொடுக்க வேண்டும். அதனால் எங்கள் வீட்டில் உடுத்திய துணி இரண்டு முறை வெளுத்துப் போகும். அந்த இருபத்திரண்டு வீட்டில் அதிகச் சுத்தமான துணி எது என்றால் நான் போட்ட சட்டைதான்.

ஒன்பதாம் வகுப்பில் முதலாவதாக வந்தேன். பரிசளிப்பு விழாவுக்கு ரைஸ்மில் வீட்டு மூத்த மகன் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். அவன் மெட்ராசில் படித்தான். இளநீலத்தில் மெல்லிய வெள்ளைக் கோடு, பாப்ளின். அந்தச் சட்டை என் தோளில் உட்கார்ந்ததுபோல் பிறகு எதுவும் உட்கார்ந்ததில்லை. முன்வரிசையில் ரைஸ்மில் வீட்டம்மாள் இருந்தார். மேடையில் நான் கை நீட்டியபோது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலரைப் பார்த்தார்.

சத்தம் போடவில்லை. இரண்டு நாள் கழித்து அப்பாவும் நானும் மூட்டை கொண்டுபோனபோது அந்தச் சட்டையை மட்டும் அந்தம்மாள் தனியே எடுத்து, வாசற்படியில் வைத்தார். “இத ஒன் மகனே வச்சுக்கிறட்டும். இனிமே இத எங்க வீட்ல யாரு போடுறது” என்றார்.

நான்கு வருடமாக நான் போட்ட சட்டைகளைத்தான் அந்த வீடே போட்டுக்கொண்டிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்த அன்றுதான் அது அழுக்கானது. சொல்லியிருக்க வேண்டும். பதினான்கு வயதில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அப்பா சட்டையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

அதற்குப் பிறகு அவர் செய்ததை எழுத இன்று கை வரவில்லை. அவர் மீதுதான் எனக்குக் கோபம். அந்தம்மாள் மீது இருக்கிற கோபம் இதில் பாதிகூட இல்லை.

மார்ச் 5, செவ்வாய்

மறுதேர்வு வினாத்தாள் தட்டச்சு. வேறொன்றும் இல்லை.

மார்ச் 10, ஞாயிறு

சிங்கப்பூர் மாமாவை மனப்பாடம் செய்துவிட்டேன். ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து நொடி. ஜோவின் கைதட்டினான். “சூப்பர் சார். இத அப்படியே சொன்னா ஏழு கன்ஃபார்ம்.”

ரோஸ்லின் மட்டும் கைதட்டவில்லை. கீழே இறங்கும்போது, “நல்லாத்தான் சார் இருந்துச்சு. ஆனா நீங்க பேசுன மாதிரி இல்ல, நியூஸ் வாசிச்ச மாதிரி இருந்துச்சு” என்றாள்.

“உன் வேலையைப் பார்” என்றேன். சரி சார் என்று போய்விட்டாள். சற்றுக் கடுமையாகச் சொல்லிவிட்டேன் என்று தோன்றுகிறது. ஆனால் அவளும் அதைச் சொல்லியிருக்க வேண்டாம்.

மார்ச் 16, சனி

ஒரு ஹோட்டலின் இரண்டாம் மாடியில் தேர்வு. வெளியே நாற்காலி போட்டுப் பதினோரு பேர் உட்கார்ந்திருந்தோம். எல்லோரும் கண்ணை மூடி முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். காது கொடுத்துக் கேட்டேன். என் இடப்பக்கத்துப் பையனுக்குச் சிங்கப்பூர் மாமா. அவனுக்கு அடுத்த பெண்ணுக்கும் சிங்கப்பூர் மாமா. எதிர்வரிசையில் நரைத்த மீசைக்காரர் ஒருவருக்கு மட்டும் துபாயில் மாமா. வேறு மையம் போலிருக்கிறது.

சட்டையை இரவல் போட்டிருக்கிறேன். இரண்டு முறை வெளுத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். மாமாவை இரவல் வாங்கி நான் என்றைக்குத் திருப்பிக் கொடுப்பது?

தேர்வாளர் அறுபதை நெருங்கும் ஓர் அம்மையார். கைத்தறிப் புடவை, நல்ல மடிப்பு. முதலில் மரங்களைப் பற்றிக் கேட்டார், பிறகு காலை உணவு. நன்றாகவே சொன்னேன். பிறகு அட்டையை நீட்டினார். நீங்கள் விரும்பி அணிந்த ஓர் உடையைப் பற்றிப் பேசுங்கள். எப்போது அணிந்தீர்கள், எப்படி உங்களிடம் வந்தது, ஏன் பிடித்தது. யோசிக்க ஒரு நிமிடம், பென்சில், தாள். பேச இரண்டு நிமிடம்.

தாளில் எதுவும் எழுதவில்லை. அந்த ஒரு நிமிடமும் அவர் புடவைக் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு சொன்னேன். என் பள்ளியிலேயே அதிகச் சட்டை போட்டவன் நான்தான் என்று தொடங்கினேன். பதினான்கு வயதுக்குள் நூறு சட்டைக்கு மேல் போட்டிருக்கிறேன், ஒன்றுகூட என்னுடையது இல்லை, என் அப்பா ஊருக்குத் துணி வெளுத்தவர் என்றேன். இளநீலத்தைச் சொன்னேன், கோட்டைச் சொன்னேன். மேடையைச் சொன்னேன். வாசற்படியைச் சொன்னேன். அதற்குமேல் என்ன நடந்தது என்பதையும் சொன்னேன். இந்த நோட்டில்கூட எழுத வராதது.

அப்பா அந்தச் சட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்தார். மறுபடி வெளுத்தார். கஞ்சி போட்டார், தேய்த்தார், அடுத்த வாரம் அந்த வீட்டு மூட்டையின் மேலேயே வைத்துக் கொண்டுபோனார். அந்தம்மாள் திரும்பத் தனியே எடுத்துவைத்தார். அப்பா திரும்ப எடுத்துவந்தார், திரும்ப வெளுத்தார். மூன்று வாரம். மூன்றாம் வாரம் அந்தம்மாள், “ஒனக்கு என்ன கிறுக்கா, வச்சுக்கன்னுதான சொல்றேன்” என்றார். அதற்கு அப்பா சொன்னார், “வெளுத்துக் குடுக்கிறதுதாம்மா என் வேலை. வச்சுக்கிறது இல்ல.” சட்டையை அங்கேயே விட்டுவிட்டு வந்தார்.

அதோடு அந்த வீடு வேறு ஆளுக்குப் போய்விட்டது. இருபத்திரண்டில் அதுதான் பெரிய வீடு. அம்மா அழுதாள். நானும் அழுதேன், வேறு காரணத்துக்கு. எனக்கு அந்தச் சட்டை வேண்டும். மூன்று முறை என் வீட்டுக் கொடியில் காய்ந்தது. உனக்கு வேண்டுமா என்று அப்பா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குப் பிறகு நான் நிறமுள்ள சட்டையே போட்டதில்லை.

இரண்டு நிமிடம் முடிந்ததும் நிறுத்த வேண்டும் என்பது அவர்கள் விதி. அம்மையார் கையை உயர்த்தியது எனக்குத் தெரிந்தது. கொஞ்சம் பிந்தி உயர்த்தினார் என்றும் தெரிந்தது. அந்தச் சட்டை கைவிட்டுப் போனதில் இன்னும் வருத்தம் உண்டா என்று கேட்டார்.

முப்பத்தெட்டு வருடமாக அதை வருத்தம் என்றுதான் நினைத்திருந்தேன் என்றேன். இப்போது இன்னொருவரிடம் சொல்லிக் கேட்கும்போது, அந்தக் கதையில் நிமிர்ந்து நிற்கிற ஆள் ஒருவர்தான் இருக்கிறார், அவர் என் அப்பா என்றேன். எழுதப் படிக்கத் தெரியாதவர். அந்த வாசலில் அவரைவிடத் தெளிவாகப் பேசியவர் யாருமில்லை.

கடைசிப் பகுதியில், உடையை வைத்து மனிதர்களை எடைபோடுவது சரியா என்றெல்லாம் கேட்டார். அதற்கு நான் பேசியதை எழுதினால் நோட்டு போதாது. வெளியே வந்தபோது மீசைக்காரர், “என்னங்க கேட்டாங்க?” என்றார். அப்பாவைப் பற்றி என்றேன். அவர் துபாய் மாமாவை விட்டுவிட்டுப் பதறிப்போனார்.

மார்ச் 20, புதன்

பேச்சு ஏழரை. மற்ற மூன்றும் ஏழுக்குக் கீழே போகவில்லை, சான்றிதழ் இங்கிலாந்துக்குப் போகும்.

செண்பகத்திடம் காட்டினேன். “இப்பவாவது சொல்லுங்க, என்ன கேட்டாங்க” என்றாள். சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டு நிமிடத்தில் முடிந்தது தமிழில் முக்கால் மணி நேரம் ஆயிற்று. பாதியில் இரண்டு முறை எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன்.

“எங்கப்பாவா இருந்தா மொதத் தடவையே வாங்கிப் போட்டுக்கிட்டு, அந்தம்மாவுக்கு ஒரு கும்பிடும் போட்டுட்டு வந்திருப்பாரு” என்றாள். “மாமா அப்படிப்பட்ட ஆளுன்னு ஏன் இத்தன வருஷமா எங்கிட்ட சொல்லல?”

எனக்கே தெரியாது என்றேன்.

ரோஸ்லினுக்கு ஆறரையாம். அவளுக்கு ஏழு வேண்டும். போன் செய்தாள். அடுத்த மாதம் மறுபடி எழுதப்போகிறாள். பாக்கெட்டைப் பேசினாயா என்றேன். பயந்துபோய் மாமாவைப் பேசிவிட்டேன் சார் என்றாள். அன்று படியில் உன்னிடம் அப்படிச் சொன்னது தவறு என்றேன். “எப்ப சார், எத?” என்றாள். மறந்துவிட்டிருக்கிறாள். மறக்கக்கூடியவர்கள் இருக்கிறார்கள்.

மார்ச் 22, வெள்ளி

இடைவேளையில் ஜெயசீலன் ஆசிரியர் அறைக்கு வந்தார். செய்தி எட்டிவிட்டது. “அஞ்சரைல இருந்து ஏழரை. பெரிய விஷயம் சார். அப்படி என்ன சார் பேசுனீங்க?”

“சட்டையைப் பத்தி. ரெண்டு நிமிஷம்.”

“சட்டையப் பத்தி ரெண்டு நிமிஷம் பேச என்ன சார் இருக்கு?” என்று மற்றவர்களைப் பார்த்தார். சிரிக்கிறவர்கள் சிரிப்பதற்குத் தயாரானார்கள்.

இந்த அறையில் என்னைப் பற்றித் தெரிந்தது, பரமக்குடியில் என் அப்பாவுக்குத் துணி வியாபாரம் என்பது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் நானே சொன்னது. அதைக் கேட்டவர்களில் நான்கு பேர் இன்னும் அங்கே உட்கார்ந்திருந்தார்கள்.

“எங்கப்பா துணி வெளுத்தவர்” என்று தொடங்கினேன்.

தமிழில், உட்கார்ந்த இடத்திலிருந்தே, வகுப்பில் பேசுகிற குரலில். இரண்டு நிமிடத்தில் நிற்கவில்லை. கையை உயர்த்துவதற்கு அங்கே ஆள் இல்லை. ரைஸ்மில் வீட்டம்மாள் சொன்னதை அப்படியே சொன்னேன். அப்பா சொன்னதை அதைவிட மெதுவாகச் சொன்னேன். தேநீர் கொண்டுவந்த அம்மா தட்டோடு வாசலிலேயே நின்றுவிட்டார். ஜெயசீலன் தன் சட்டைக் காலரை ஒருமுறை தொட்டுக்கொண்டார். ஏன் தொட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்காது.

இதனால் அவர் மீது எனக்கிருந்த கணக்கு தீர்ந்துவிட்டது என்று நான் எழுதப்போவதில்லை. அது வேறு.

மணி அடித்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. எனக்கு ஒன்பதாம் வகுப்பு. திருப்புதல் பாடம் பாதியில் நிற்கிறது. சாக்பீஸை எடுத்துக்கொண்டு நான்தான் முதலில் எழுந்தேன். ஜெயசீலன் வழிவிட்டார்.